குறைந்த செலவில் தமிழ் அறிவியல் புனைவு இணையத்தொடர்: நான்கு இலட்ச ரூபாயை எதில் செலவிடுவது?

செம்புழுதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் உள்ள எங்கள் குழு, யூடியூபில் வெளியிடுவதற்காக, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள் ஓடும் ஆறு அத்தியாயங்கள் கொண்ட அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை எடுக்க இருக்கிறது. தயாரிப்பாளர் என்று எவரும் இல்லை. எங்கள் சேமிப்பிலிருந்து திரட்டிய நான்கு இலட்ச ரூபாய்தான் மொத்த முதலீடு. கதை இதுதான்: செவ்வாய்க் கோளில் மூன்று பேர் மட்டும் தங்கியிருக்கும் சிறு நிலையத்தில் ஒருவர் நோய்வாய்ப்படுகிறார், அவருக்கு மருத்துவம் பார்க்கும் பெண்ணுக்குப் பூமியிலிருந்து வழிகாட்ட வேண்டிய கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர், அந்தப் பெண்ணோடு பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவளுடைய தங்கை.

இப்போதைக்கு நாங்கள் போட்டிருக்கும் கணக்கின்படி நிலையத்தின் உட்புற செட்டுக்கு ஒன்றரை இலட்சமும், கிராஃபிக்ஸுக்கு ஓர் இலட்சமும், கேமரா மற்றும் லென்ஸ் வாடகைக்கு எண்பதாயிரமும் போக, மற்ற எல்லாவற்றுக்குமாக எழுபதாயிரம் மிஞ்சுகிறது. இந்தப் பங்கீடு சரியா என்பதையும், செவ்வாயின் நிலப்பரப்பை நம்பும்படி காட்டுவதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி இருக்கிறது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுங்கணக்கு

நண்பர் செம்புழுதிக்கு வாழ்த்துகள். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கதையின் இருப்பிடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த வகைத் தொடரில் செலவு எவ்வளவு என்பது திரைக்கதை எழுதும் மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

உங்கள் முயற்சிக்கு மிக நெருக்கமான முன்னோடி ஒன்று இருக்கிறது. 2010 ஜூன் மாதத்தில் 'பயனியர் ஒன்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் அத்தியாயம் வெளியானது. ஜாஷ் பெர்ன்ஹார்ட், பிரேசி ஸ்மித் என்ற இருவர் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் திரட்டிய ஏறத்தாழ 6,000 டாலரில் அதை எடுத்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் எதையும் நாடாமல், வோடோ என்ற அமைப்பின் மூலம் பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரண்ட் வழியாக இலவசமாகவே விநியோகித்தார்கள். அதைப் பார்த்தவர்கள் அனுப்பிய நன்கொடையைக் கொண்டு அடுத்தடுத்த அத்தியாயங்களை எடுத்து, 2011 இறுதியில் ஆறு அத்தியாயங்களோடு முதல் பருவத்தை நிறைவு செய்தார்கள். அந்தக் கதையிலும் செவ்வாய் வருகிறது: வானிலிருந்து விழுந்த பழைய சோவியத் விண்கலம் ஒன்றில் ஓர் இளைஞன் இருக்கிறான், அவன் செவ்வாயில் பிறந்தவனாக இருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. ஆனால் கதை நடப்பதெல்லாம் அலுவலக அறைகளிலும், அவனை வைத்திருக்கும் மருத்துவ அறையிலும், அதிகாரிகளின் வாக்குவாதங்களிலும்தான். செவ்வாயைக் காட்டாமலேயே செவ்வாயைப் பற்றிய கதையைச் சொல்ல முடிந்ததால்தான் அந்தத் தொகை போதுமானதாக இருந்தது.

உங்கள் கதையிலும் அதே வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. தங்கையின் பக்கத்திலிருந்து கதையைச் சொல்லிப் பாருங்கள். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. 2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது, கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த நாசாவின் ஜேபிஎல் ஆய்வகக் குழுவினர் செவ்வாய் நேரத்துக்கு ஏற்பவே வேலை பார்த்தார்கள். அதற்கென்று மெதுவாக ஓடும்படி மாற்றியமைத்த கைக்கடிகாரங்களைக்கூடச் சிலர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் நேரம் ஏறத்தாழ நாற்பது நிமிடம் தள்ளிப்போகும் என்றால், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் உங்கள் தங்கைப் பாத்திரம் இரண்டரை வாரத்தில் மாலையில் கிளம்புவாள். ஏறக்குறைய 36 நாளில் ஒரு முழுச் சுற்று முடிந்து மீண்டும் விடியற்காலைக்கே வந்துவிடுவாள். தாய் சமைத்து வைத்த சோறு ஆறிக் கிடப்பதும், பக்கத்து வீட்டார் அவள் இரவில் வெளியேறுவதைப் பற்றிப் பேசுவதும், பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் தூங்க முயல்வதும் ஆறு அத்தியாயங்களுக்குப் போதுமான காட்சிகளைத் தரும். வேறொரு கோளின் பிடியில் ஒரு தமிழ்க் குடும்பம் சிக்கியிருப்பதைக் காட்டுவதற்கு ஒரு வீடும், ஓர் அலுவலக அறையும், ஒரு கையில் இரண்டு கடிகாரங்களும் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் முதற்பரிசைப் பெற்ற 'பிரைமர்' படம் 7,000 டாலரில் எடுக்கப்பட்டது. அதன் கால இயந்திரம் வெறும் ஒரு பெட்டி. அதை நம்ப வைப்பது, அதைச் சுற்றி நிற்கும் இரண்டு பொறியாளர்கள் பார்வையாளருக்காக எதையும் விளக்காமல், தங்களுக்குள் இயல்பாகப் பேசிக்கொள்ளும் பேச்சுதான். உங்கள் கட்டுப்பாட்டு அறை உரையாடல்களை அந்தத் துறையில் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அதற்குப் பணம் அதிகம் தேவைப்படாது.

தேரிமணல்

நான் திருச்செந்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். திருமண ஒளிப்பதிவும் குறும்பட ஒளிப்பதிவும் என் தொழில். செவ்வாயை ஒரு முறையாவது காட்டியே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அதற்கான நிலம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். குதிரைமொழி உள்ளிட்ட தேரிக்காட்டுப் பகுதிகளில் செந்நிற மணல் மேடுமேடாகப் பரந்து கிடக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் மணல் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு; செவ்வாயின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். ஆகவே நிறத்தைக் கணினியில் மிகைப்படுத்த வேண்டிய தேவை குறைவு. இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் அமையவிருக்கும் குலசேகரப்பட்டினமும் இதே கரையோரத்தில்தான் உள்ளது என்பதால், கதைக்குள்ளேயே இந்த நிலத்தைக் கொண்டுவர உங்களுக்கு ஓர் இயல்பான காரணமும் கிடைக்கலாம்.

ஆனால் சில நடைமுறைச் சிக்கல்களை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். தேரி முழுவதும் வெறும் மணல் அல்ல. பனையும் முந்திரியும் உடைமரங்களும் எந்தத் திசையில் கேமராவை வைத்தாலும் எங்காவது ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும். எனவே மேட்டின் அடியில் கேமராவைத் தாழ வைத்து, மேட்டின் விளிம்புக்கு மேல் வானம் மட்டுமே தெரியும்படி சட்டகம் அமைப்பதே நல்லது. உச்சி வெயிலில் மணல் வெளிறிவிடும். காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலைக் கடைசி இரண்டு மணி நேரமுமே பயன்படும். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து லென்ஸ் வளையங்களுக்குள் புகுந்துவிடும்; வாடகை லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலடித் தடம். மனிதர் காலே படாத கோள் என்று நீங்கள் காட்ட விரும்பும் இடத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் தம்பி ஒருவர் நடந்துவிட்டால், அன்றைக்கு அந்தக் காட்சியை எடுக்க முடியாது. ஆகவே பரந்த காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு, நடிகர்கள் நடந்த பிறகு நெருங்கிய காட்சிகளுக்கு வாருங்கள். குழு நடக்க வேண்டிய பாதையை முதல் நாளே கயிறு கட்டிக் குறித்து வையுங்கள். இப்பகுதியில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நிலமும் உண்டு. வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பட்டா நிலத்தில் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வாங்கி எடுப்பது எளிது.

கூர்செவி

ஒலி வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன். இழையைத் தொடங்கியவரின் பட்டியலில் ஒலி என்ற சொல்லே இல்லை என்பதைக் கண்டு வருந்தி, சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

குறைந்த செலவில் எடுத்த தொடரைப் பார்ப்பவர்கள், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். வசனம் புரியவில்லை என்றால் முதல் இரண்டு நிமிடத்துக்குள் விலகிவிடுவார்கள். அறிவியல் புனைவுக்கு ஒலி இன்னொரு வேலையையும் செய்கிறது. நான்கு சுவர் கொண்ட ஒரு சாதாரண அறை விண்வெளி நிலையமாவது சுவரில் ஒட்டும் பொருள்களால் அல்ல. காட்சி முழுவதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் காற்றோட்டக் கருவியின் முனகல், இடையிடையே அழுத்தம் மாறும் ஓசை, கதவுக்குப் பின்னால் கேட்கும் இயந்திரத் துடிப்பு ஆகியவற்றால்தான். அந்த முனகல் திடீரென்று நின்றுபோனால், ஒரு கிராஃபிக்ஸ் ஷாட்கூட இல்லாமலே பார்வையாளர் ஆபத்தை உணர்வார். அந்த ஓசையை அத்தியாயம் முழுவதும் அவர் காதில் பழக்கியிருந்தால் மட்டுமே அது நடக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 முதல் கேட்டுவரும் கால ஊர்தியின் ஓசையை, அந்த நிறுவனத்தின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜ்சன், பழைய பியானோ ஒன்றின் கம்பிகள் மீது வீட்டுச் சாவியை இழுத்துத்தான் உருவாக்கினார். நம் வீடுகளில் உள்ள ஈர மாவு கிரைண்டர், தண்ணீர் மோட்டார், யுபிஎஸ், அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அறை ஆகியவற்றை அருகில் சென்று பதிவு செய்து, பாதி வேகத்துக்கும் கால் வேகத்துக்கும் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் தேடும் நிலையம் அங்கேயே இருக்கும். மின்னணுக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீசோ வட்டை (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு தகடு)க் கம்பியில் பற்றவைத்து, இரும்பு கேட்டிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஒட்டிவிட்டால், காற்றில் கேட்காத அதிர்வுகள் எல்லாம் பதிவாகும்.

செவ்வாயின் வெளிப்புறக் காட்சிகளுக்கு அறிவியலே உங்களுக்கு உதவுகிறது. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருக்கும் ஒலிவாங்கிகள் 2021 முதல் அந்தக் கோளின் ஓசைகளைப் பதிவு செய்து அனுப்பியுள்ளன. அங்கே வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர். கரியமில வாயு உயர்ந்த சுருதிகளை விழுங்கிவிடுகிறது. எனவே வெளியே கேட்கும் எல்லாமே மெலிந்தும் மழுங்கியும் இருக்க வேண்டும். நிலையத்துக்குள் முழு ஒலி, கதவைத் திறந்து வெளியே காலடி வைத்ததும் மேல் அலைவரிசைகள் அறுந்துபோய்த் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்பது என்று அமைத்தால், தேரிக்காட்டில் பனைமரம் தெரிகிறதா என்று எவரும் தேட மாட்டார்கள்.

படப்பிடிப்பில் நேரடியாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பதே என் பரிந்துரை. பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் நமக்கு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் டப்பிங் தியேட்டர் வாடகை, நடிகர்களின் கால்ஷீட், பொருந்தாத உணர்ச்சி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அது மலிவான வழி அல்ல. சட்டையில் பொருத்தும் லேப்பல் மைக் ஒன்று, நீண்ட கோலில் மைக்கைத் தாங்கும் பூம் ஒன்று, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு நபர் ஆகிய மூன்றையும் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து, ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் ஓசையைப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் இரண்டு ஷாட்களை ஒட்டும்போது அதன் அருமை தெரியும். தலைக்கவசம் அணிந்த காட்சிகளுக்கு மட்டும் டப்பிங் செய்யலாம். உதடு சரியாகத் தெரியாது என்பதால், கதையில் ஏதேனும் ஓட்டை இருப்பது கடைசியில் தெரிந்தாலும் அங்கே வசனத்தை மாற்றி அடைத்துவிடவும் முடியும். வானொலிக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினாலே போதும்.

அகல்திரை

மேலே எழுதிய நண்பர்கள் அனைவரையும் மதிக்கிறேன். ஆனாலும் மாறுபட வேண்டியிருக்கிறது. அறையில் பேசு, ஒலியால் உணர்த்து, எதையும் காட்டாதே என்ற அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொண்டு எடுக்கப்படும் தொடர்கள், இறுதியில் படம் சேர்த்த வானொலி நாடகங்களாக முடிகின்றன. அறிவியல் புனைவைத் தேடி வருபவர் ஒரு வியப்பைத் தேடி வருகிறார். அந்த வியப்பை ஆறு அத்தியாயங்களிலும் ஒரு முறைகூடக் கொடுக்காமல், தாய் ஆறிய சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியையே கொடுத்தால், அது நல்ல குடும்பக் கதையாக இருக்கலாம். ஆனால் அவர் தேடி வந்தது அதுவாக இருக்காது. ஃபின்லாந்தில் 'ஸ்டார் ரெக்' படத்தை எடுத்தவர்கள் ஒரு சிறு குடியிருப்பில் நீலத் திரையைக் கட்டிக்கொண்டு, ஏழு ஆண்டுகள் உழைத்து, 2005-இல் விண்கலப் போர்களையே இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். பணம் இல்லாதவரிடம் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை உழைப்பாக மாற்றினால் பெரிய காட்சிகளும் கைகூடும் என்பதைச் செம்புழுதி மறந்துவிட வேண்டாம்.

பச்சைத்திரை

கிராஃபிக்ஸ் கலைஞன் என்ற முறையில் சொல்கிறேன்: அகல்திரை அவர்கள் வியப்பைப் பற்றிச் சொன்னதில் முழு உடன்பாடு, ஏழு ஆண்டு உழைப்பைப் பற்றிச் சொன்னதில் உடன்பாடு இல்லை. ஃபின்லாந்துக் குழுவுக்கு அது பல ஆண்டுகளாக வளர்ந்த விருப்பப் பணி. கையில் ஆறு அத்தியாயங்களும் வேலைக்குப் போகும் நடிகர்களும் உள்ள ஒரு குழு அவ்வளவு காலம் சிதையாமல் இருப்பது அரிது.

நடுவழி ஒன்று உண்டு. 2010-இல் வெளியான 'மான்ஸ்டர்ஸ்' படத்தில் கேரத் எட்வர்ட்ஸ் மிகச் சிறிய குழுவோடு மத்திய அமெரிக்க நாடுகளில் பயணம் செய்து, கிடைத்த இடங்களில் கிடைத்த மனிதர்களை வைத்துப் படமெடுத்துவிட்டு, பின்னர் கிராஃபிக்ஸ் ஷாட்கள் அனைத்தையும் தானே செய்தார். அவற்றில் பெரும்பகுதி அரக்க உயிரினங்கள் அல்ல. சாலையோர அறிவிப்புப் பலகையில் எழுத்துகளை மாற்றுவது, வெறும் வானத்தில் ஹெலிகாப்டரைச் சேர்ப்பது போன்ற வேலைகள்தான். கேமரா அசையாமல் நிற்கும் ஷாட்டில் தொலைவில் உள்ள ஒன்றை மாற்றுவது ஒரு நாள் வேலை. கேமரா சுற்றிவரும் ஷாட்டில் நடிகரின் தோளுக்கு அருகே ஒன்றைப் பொருத்துவது பல வார வேலை. எனவே அத்தியாயத்துக்கு ஒன்று என்று ஆறே ஆறு பெரிய ஷாட்களைத் தேர்ந்தெடுத்து, அவை அனைத்தையும் முக்காலியில் பூட்டிய கேமராவில் எடுங்கள். தேரிக்காட்டில் நீல வானத்தைப் பிரித்தெடுத்து மங்கிய மஞ்சள்பழுப்பாக மாற்றுவது எளிது. செவ்வாயில் பகல் வானம் அந்த நிறத்திலும், சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலமாகவும் இருக்கும். ஓர் அத்தியாயத்தை அந்த நீல அந்தியில் முடித்தால் அகல்திரை கேட்ட வியப்பு அங்கே கிடைத்துவிடும். நாசா வெளியிட்டுள்ள செவ்வாய்ப் படங்களைப் பொதுவாக உரிமைச் சிக்கல் இல்லாமல் பின்னணிக்குப் பயன்படுத்தலாம். அதன் சின்னத்தை மட்டும் பயன்படுத்தக் கூடாது. மென்பொருளுக்கும் செலவு வேண்டியதில்லை: பிளெண்டர் முழுவதும் இலவசம், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இந்தத் தொடருக்குப் போதும்.

கட்டுப்பாட்டு அறையின் கணினித் திரைகளைப் பச்சையாக வைத்துப் பின்னர் நிரப்ப வேண்டாம். வரைபடங்களையும் எண்களையும் முன்கூட்டியே காணொளியாகத் தயாரித்து, படப்பிடிப்பின்போது அந்தத் திரைகளிலேயே ஓடவிடுங்கள். திரையின் ஒளி நடிகரின் முகத்தில் விழும். அவர் எதைப் பார்க்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்குப் பல நாள் வேலையும் மிச்சமாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், விநாடிக்கு 25 பிரேமில் ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடியாக வைத்தால் குழல் விளக்குகள் துடிப்பது தெரியாது. 24 பிரேமில்தான் எடுப்போம் என்றால் ஷட்டர் கோணத்தை 172.8 பாகையாக மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த, நிற நுணுக்கம் குறைந்த எட்டு பிட் காட்சியில் பச்சைத் திரையைச் சுத்தமாக நீக்க முடியாது. அந்த ஆறு ஷாட்களுக்கு மட்டும் பத்து பிட்டில் பதிவாகும் கேமராவை வாடகைக்கு எடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று: இருண்ட விண்வெளியும் இருண்ட நடைபாதையும் உங்கள் கணினியில் அழகாகத் தெரியும், யூடியூப் அதைச் சுருக்கியதும் பட்டைபட்டையாக உடைந்துவிடும். படச்சுருளில் தெரிவது போன்ற மெல்லிய மணித்தன்மையை (கிரெயின்) சேர்த்து, ஒரு சோதனைக் காணொளியைத் தளத்தில் ஏற்றிக் கைபேசியில் பார்த்த பிறகே நிறத் திருத்தத்தை முடிவு செய்யுங்கள்.

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், மேடை நாடகங்களிலும் சில குறும்படங்களிலும் நடித்திருக்கிறேன். அக்காவும் தங்கையும் இரண்டு கோள்களில் இருக்கிறார்கள் என்பதில் நீங்கள் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே வானொலி அலை ஒரு வழியாகச் சென்றடைவதற்கு, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். அதாவது அந்த இரு பெண்களும் ஒருபோதும் நேருக்கு நேர் உரையாட முடியாது. ஒருவர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், மற்றவர் காத்திருந்து கேட்பார். அப்படியென்றால் இரு நடிகைகளும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஏன் ஒரே நாட்டில்கூட இருக்க வேண்டியதில்லை. ஒருத்தியைக் கோயம்புத்தூரிலும் மற்றவளை வேறு எங்கும் வைத்து எடுக்கலாம்.

நடிப்புக்கும் இது நல்லது. கோபத்தில் சொன்ன ஒரு சொல் போய்ச் சேர்வதற்குள் மனம் மாறி, அதைத் திரும்பப் பெறும் செய்தியை அனுப்பினால், மற்றவள் முதல் செய்தியைக் கேட்டு அழுது முடித்த பிறகுதான் இரண்டாவது வந்து சேரும். பல ஆண்டுகளாகப் பேசாத சகோதரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை வேறு இல்லை. இவ்விரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வரும் காலம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒரு முறை அமைகிறது. அப்போது சுமார் இரண்டு வாரங்கள் தொடர்பை நிறுத்திவைக்கிறார்கள். உங்கள் நோயாளியின் நிலை மோசமாகும் நாளை அதற்கு முந்தைய நாளாக வைத்தால், ஐந்தாம் அத்தியாயம் எங்கே முடிய வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அக்காவின் பாத்திரத்துக்கு இன்னும் எவரையும் முடிவு செய்யவில்லை என்றால், என் நடிப்புப் பதிவை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

படிக்கணக்கு

தயாரிப்பு நிர்வாகியாகப் பல குறும்படங்களிலும் இரண்டு இணையத்தொடர்களிலும் வேலை பார்த்தவன். 'மற்ற எல்லாவற்றுக்கும் எழுபதாயிரம்' என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த 'மற்றவை' என்பதுதான் படப்பிடிப்பு. பதினைந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், பயணம், தங்கும் இடம், பேட்டா (அன்றாடப் படி), ஜெனரேட்டர் டீசல், ஹார்டு டிஸ்க் ஆகியவை எல்லாம் அதற்குள் அடங்கவே அடங்காது. நண்பர்கள்தானே, சம்பளம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தொடங்கும் தொடர்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோகின்றன. அதற்குக் காரணம் பகை அல்ல, வாடகை கட்ட வேண்டிய நண்பருக்கு வேறு வேலை வந்துவிடுவதுதான். குறைந்த தொகையாக இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே அளவில், அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நல்ல சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுங்கள். பதினான்கு மணி நேரப் படப்பிடிப்புக்குப் பிறகும் பூம் பிடிக்கும் தம்பியின் கை நடுங்காமல் இருப்பது அதைப் பொறுத்தது.

ஆறு அத்தியாயங்களையும் வரிசைப்படி எடுக்காமல், இடவாரியாகத் தொகுத்து எடுங்கள். கட்டுப்பாட்டு அறைக் காட்சிகள் எல்லாம் ஒரே தொடர்ச்சியில் முடிந்துவிட வேண்டும். அவ்வாறு எடுக்கும்போது தங்கையின் கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையமும், கையில் உள்ள இரண்டு கடிகாரங்களின் முள்ளும் அத்தியாயத்துக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நியமித்தாக வேண்டும். நெடுங்கணக்கு சொன்ன நேரத் திட்டத்தில் கடிகாரம் தவறானால் கதையே தவறாகிவிடும். எடுத்த காட்சிகளை அன்றிரவே மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

நடிகர், இசையமைப்பாளர், இடத்தின் உரிமையாளர் ஆகிய ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதமாவது கையொப்பத்தோடு வாங்கிவிடுங்கள். நாளைக்கு ஏதேனும் ஓடிடி தளம் தொடரை வாங்க முன்வந்தால் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான். யூடியூப் விளம்பர வருமானத்தை இப்போது கணக்கில் சேர்க்காதீர்கள்: ஆயிரம் சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் நீள்காணொளிகளுக்கு அந்தக் கதவே முழுமையாகத் திறக்கும்.

செம்புழுதி

ஒவ்வொருவரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி. குழுவினர் அனைவரும் சேர்ந்து அமர்ந்து இந்த இழையை முழுவதுமாகப் படித்தோம். கதையைத் தங்கையின் பக்கத்திலிருந்து மீண்டும் எழுதுவது என்றும், அக்காவின் நிலையம் அவள் அனுப்பும் காணொளிச் செய்திகளில் தெரியும் ஒரு மூலையாக மட்டுமே இருக்கும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். அகல்திரை அவர்களின் கருத்தையும் விட்டுவிடவில்லை: ஆறு பெரிய ஷாட்கள் இருக்கும், அவற்றில் நான்கைத் தேரிக்காட்டில், காற்று அடங்கிய மாதத்தில், உரிய அனுமதியோடு எடுப்போம்.

புதிய பங்கீடு இது. அந்த ஒரு மூலை செட்டுக்கு ஐம்பதாயிரம், கிராஃபிக்ஸுக்கு அறுபதாயிரம், கேமரா வாடகைக்கு நாற்பதாயிரம், ஒலிக்கு எண்பதாயிரம், சாப்பாடு, பயணம், பேட்டா ஆகியவற்றுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம், எதிர்பாராச் செலவுக்கு ஐம்பதாயிரம். வடலி அவர்கள் நடிப்புப் பதிவை அனுப்பிவைக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம். தனிமடலில் இரண்டு காட்சிகளின் வசனத்தை அனுப்பியிருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. தேரிக்காட்டில் அணியப் போகும் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியில் குழுவினர் எல்லோரும் பிரதிபலிக்கிறார்கள். உள்ளே மூச்சுக் காற்றில் கண்ணாடியும் மங்கிவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

பச்சைத்திரை

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். நடிகருக்கு மூச்சு முட்டாது, முகமும் தெளிவாக விழும். நெருங்கிய காட்சிகளில் நான் கணினியில் ஒரு மெல்லிய வளைந்த ஒளிக்கீற்றையும், எதிரே உள்ள மணல்மேட்டின் பிரதிபலிப்பையும் சேர்த்துவிடுகிறேன். அதற்காக, ஒவ்வொரு நிலையிலும் வேலை முடிந்ததும், நடிகர் நின்ற இடத்திலிருந்து அவர் பார்த்த திசையை அகலமாக ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தலை அதிகம் திரும்பாத ஷாட்களாக இருந்தால் என் வேலை பாதியாகும்.

கூர்செவி

கண்ணாடி இல்லாமல் எடுக்கும்போது வசனம் திறந்த வெளியில் பேசியது போலப் பதிவாகும் என்பதால், தலைக்கவசத்தின் உள்விளிம்பில் லேப்பல் மைக்கை ஒட்டிவிடுங்கள். தேரியில் காற்று சற்று வீசினாலும் அதைப் பின்னர் டப்பிங்குக்கு வழிகாட்டும் பதிவாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம். டப்பிங்கின்போது நடிகையின் முகத்துக்கு முன்னால் எவர்சில்வர் குண்டான் ஒன்றைப் பிடித்துப் பேச வைத்தால், மூடிய கவசத்துக்குள் பேசும் அடைப்பு இயல்பாகவே கிடைக்கும்.